இரண்டு விரற்கடை

மேட்டுப்பாளையம் பங்க்கில் பையன்
கழுத்துவரை நிரப்பப் பார்த்தான்.
இரண்டு விரற்கடை விடு என்றேன்.
கேனை லாரிமேல் வைத்துப் பிடிக்காதே,
தரையில் வை என்றேன்.
"எந்த ஊருண்ணே?"
எமரால்டு. படகுக்கு.
"மலைமேல படகா" என்று
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணினான்.

பர்லியாறு சாவடியில் டார்ச் அடித்தாள் ஒருத்தி.
தண்ணி பாட்டிலா?
பெட்ரோல் என்றேன்.
சரி, போ என்றாள்.

கேரட் இறக்கிவிட்டு வெறும் வயிறாய் ஏறுகிற லாரி.
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
கேன் கொஞ்சம் கன்னம் உப்பியது.
குன்னூர் தாண்டித் தொட்டுப் பார்த்தால்
ஏதோ சொல்ல வந்து
வாயை இறுக்கிக்கொண்டவன் முகம்.
போஜனைப் பீடியோடு நூறடி அனுப்பிவிட்டு
கீழே இறக்கி வைத்து, மூடியை அரைத் திருகு.
ஸ்ஸ்ஸ்.
கீழ்நாட்டுக் காற்று, வந்த வழியே போயிற்று.

பதினாறடிப் படகு. துறையின் பச்சை
உரிந்து பல வருஷம்.
கேனுக்கு இடம் முன்மூக்கில், சாக்கு நிழலில்,
நிமிர்ந்தபடி, நைலான் கயிறு இரண்டு சுற்று.
பேட்டரி பின்னால். நடுவில் நாங்கள்.
போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு,
ஏரிக்கு ஒரு பங்கு.
அந்த மூன்றாவதுதான் கேனில் இருப்பது.

பெட்ரோலின் மூச்சு மேலே போவதில்லை.
தண்ணீர் மாதிரி இறங்கி
படகின் அடிவயிற்றில் படுத்துக்கொள்ளும்.
அதனால் கயிற்றை இழுக்குமுன்
மண்டியிட்டு, பலகைக்கடியில் மோந்து பார்ப்பேன்.
முதல் தடவை அதைப் பார்த்த ரெபேக்கா டாக்டர்
சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து
செருப்பைக் கழற்றினார்.

அன்று அவர் மடியில் ஐஸ் பெட்டி.
கோமாரி ஊசி, அக்கரை மந்தின் எருமைகளுக்கு.
நடு ஏரியில் மூட்டம் இறங்கியது;
நீட்டிய கை மணிக்கட்டோடு முடிந்தது.
சுற்றினோம். சுற்றிய இடத்தையே சுற்றினோம்.
எஞ்சின் இருமி, நின்றது.

"கேன் இருக்கே. ஊத்துங்க."
தலை கொதிக்குது டாக்டர். ஆறட்டும்.
"எவ்வளவு நேரம்?"
கை வச்சா கை நிக்கணும்.
"அதுக்குள்ள ஐஸ் நிக்காது."

பெட்டிக்குப் போர்த்த ஸ்வெட்டரைக் கழற்றப் போனார்.
வேண்டாம், பொறி பறக்கும் என்றேன்.
இந்த ஈரத்திலா என்றார்.
இருக்கலாம். அவர் படித்தவர்.
ஆனாலும் கழற்றவில்லை.

சூடு ஆகாத இரண்டு பெட்டிகள்,
சூடாய் ஒரு இரும்பு,
பேச்சில்லாமல் இரண்டு பேர்.
எஞ்சின் ஓடும்வரை கேட்காதது
அப்போதுதான் கேட்டது:
இடது தோளுக்குப் பின்னால், தூரத்தில்,
ஒரு எருமை செருமியது.
பிறகு இன்னொன்று.
நாங்கள் போய்க்கொண்டிருந்த திசைக்கு
நேர் எதிரே.

கை வைத்தேன். கை நின்றது.
புனல், வடிதுணி,
டேங்கிலும் இரண்டு விரற்கடை.
கேனை மூடிக் கட்டிவிட்டு, குனிந்து மோந்தேன்.
இந்தத் தடவை டாக்டரும் குனிந்தார்.

கரையில் பெட்டியைத் திறந்து
வெப்பமானியைப் பார்த்தார்.
"ஏழு. எட்டு வரைக்கும் போகலாம்."
வேறொன்றும் சொல்லவில்லை.
முதல் ஊசிக்கே ஒரு எருமை
அவர் குடையை மிதித்து ஒடித்தது.

மறுநாள் லாரியில் கீழே இறங்கும்போது
கேன் கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது.
போஜன் அதைக் காலால் தள்ளிவிட்டு,
காலிதானே என்று
தீப்பெட்டியை எடுத்தார்.

காலி இல்லை என்றேன்.